ஸ்பானிஷ் ‘பெஸ்’: தடவையைத் தமிழிலிருந்தே பிடிப்பது எப்படி

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். வணக்கம் சொல்ல வரும், பேரும் ஊரும் சொல்ல வரும், நூறு வரை எண்ண வரும். ஆனால் ‘நேற்று ரெண்டு தடவை போன் பண்ணினேன்’, ‘இதுதான் முதல் தடவை’, ‘இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று வரும்போது நாக்கு நின்றுவிடும். மூன்றுக்கும் வேண்டியது ஒரே பெயர்ச்சொல்தான். அது ‘பெஸ்’. எழுத்தில் வி, இ, இசட்.

நான் பெங்களூரு அல்சூரில் வீட்டு மாடியில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் மெக்சிகோ, கொலம்பியா வாடிக்கையாளர்களோடு பேசும் கம்பெனிகளில் இருக்கிறவர்கள். மெக்சிகோ சிட்டியில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே இரவு எட்டரை. அதனால் ஆறு மணி வகுப்பு முடிந்ததும் கீழே ரெண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு நேராக ஷிஃப்டுக்கு ஓடுவார்கள். மீதிப் பேரில் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் ஏற்றுமதி செய்யும் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, ஸ்பெயினுக்கு மேல்படிப்புக்குப் போகிறவர்கள் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் புழங்குகிறவர்கள்தான் எல்லோரும். அப்படியிருந்தும் ‘பெஸ்’ தகராறு செய்கிறது. காரணம், தமிழிலிருந்து ஸ்பானிஷுக்கு நேர் பஸ் இருக்கும்போது எல்லோரும் நடுவில் ஆங்கிலத்தில் இறங்கி வண்டி மாறுகிறார்கள்.

ஆங்கிலத்தில் ‘டைம்’ என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. மணி கேட்கவும் அதுதான், நேரமில்லை என்று சொல்லவும் அதுதான், இரண்டு தடவை என்று எண்ணவும் அதுதான். ஸ்பானிஷில் மூன்றும் தனித்தனி. மணிக்கு ‘ஓரா’: ‘கே ஓரா எஸ்?’ என்றால் மணி என்ன. கழிகிற நேரத்துக்கு ‘தியெம்போ’: ‘நோ தெங்கோ தியெம்போ’ என்றால் நேரமில்லை. எண்ணக்கூடிய தடவைக்கு ‘பெஸ்’. தமிழும் இப்படித்தானே பிரித்து வைத்திருக்கிறது? மணி, நேரம், தடவை. யாரும் ‘நேற்று ரெண்டு நேரம் போன் பண்ணினேன்’ என்று சொல்வதில்லை. ஆனால் அதே ஆள் ஸ்பானிஷில் ‘யாமே தோஸ் தியெம்போஸ்’ என்று சொல்லிவிடுகிறார்.

கேட்கிறவருக்கு அது எப்படி விழும் தெரியுமா? ஸ்பானிஷில் ‘தியெம்போ’வுக்குப் பன்மை போட்டு இரண்டு என்று எண்ணினால், முதலில் நினைவுக்கு வருவது ஃபுட்பால் ஆட்டத்தின் இரண்டு பாதி. இல்லாவிட்டால் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதற்கு அவர்கள் சொல்வதே ‘மோதோர் தே தோஸ் தியெம்போஸ்’. மைசூரில் செய்த பழைய யெஸ்டி பைக் அந்த வகை. போன் செய்த கணக்குக்கு வேண்டியது ‘யாமே தோஸ் பெசெஸ்’.

ஆகவே முதல் பழக்கம் இது. ஒரு வாக்கியம் மனதில் வந்ததும் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்த இடத்தில் தடவை உட்காருகிறதா? வாட்டி, முறை, தரம், எதுவானாலும் சரி. பெங்களூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கன்னடத்து ‘சல’ கூடத் தோன்றும், அதுவும் சரிதான். உட்கார்ந்தால் ‘பெஸ்’. ‘எவ்வளவு நேரம்’ என்று வந்தால் ‘குவாந்தோ தியெம்போ’, ‘எத்தனை தடவை’ என்று வந்தால் ‘குவாந்தாஸ் பெசெஸ்’. எவ்வளவு, எத்தனை என்ற வித்தியாசம் நமக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையை மறந்து ஆங்கிலத்தால் தவறும் இடம் ஒன்று உண்டு, பெருக்கல் வாய்ப்பாடு. ஆங்கிலத்தில் ‘டைம்ஸ்’ சொல்லிப் பழகியவர்கள் மூன்றும் நான்கும் பெருக்கும்போது ‘த்ரெஸ் பெசெஸ்’ என்று தொடங்குவார்கள். சொன்னால் புரியும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வது ‘த்ரெஸ் போர் குவாத்ரோ, தோசே’. நாமும் முந்நான்கு பன்னிரண்டு என்றுதானே சொல்கிறோம், தடவை எங்கே வருகிறது?

உச்சரிப்பு

ஸ்பானிஷில் வி என்ற எழுத்துக்கும் பி என்ற எழுத்துக்கும் ஒரே ஒலிதான். இரண்டுமே ‘பஸ்’, ‘பல்பு’ ஆகிய சொற்களின் முதல் ப. எழுத்துக்கூட்டும்போது குழப்பம் வராமல் இருக்க லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் பி-யை ‘பே கிராந்தே’ என்றும் வி-யை ‘பே சீகா’ என்றும் சொல்வார்கள். பெரிய பே, சின்ன பே. நம் பிள்ளைகள் சின்ன ர, பெரிய ற என்று கேட்பதேதான். ஆக, எழுத்தில் வி இருக்கிறதே என்று உதட்டைப் பல்லில் வைத்து ‘வெஸ்’ என்று சொல்லாதீர்கள்.

இங்கே தமிழருக்கென்றே ஒரு குழி இருக்கிறது. தமிழில் எழுதினால் இந்தச் சொல் ‘பெஸ்’. மீனுக்கான ஸ்பானிஷ் சொல்லும் தமிழில் எழுதினால் ‘பெஸ்’தான். அதற்குப் ‘பல்’, ‘பழம்’ ஆகியவற்றின் ப. தடவைக்குப் ‘பஸ்’ஸின் ப. நம் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டாது, காதுதான் பிரிக்க வேண்டும். பன்மையிலும் விடுதலை இல்லை. தடவைகள் ‘பெசெஸ்’, மீன்களும் ‘பெசெஸ்’. கொஞ்சம் தயங்கி நின்று, புதிதாக மூச்செடுத்துச் சொல்லும்போதுதான் ஆபத்து. தமிழ் வாய்க்குச் சொல்லின் தொடக்கத்தில் வல்லொலிதான் முதலில் வரும், தடவை மீனாகிவிடும்.

தயங்காமல் சேர்த்துச் சொன்னால் தமிழ் வாயே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். இரண்டு உயிருக்கு நடுவில் வரும்போது ஸ்பானிஷின் இந்த ஒலி மெலிந்துபோகும், உதடுகள் முழுவதும் மூடாது. ‘கோபம்’, ‘லாபம்’ சொல்லும்போது நாம் செய்வதும் அதுதான். ‘உனா பெஸ்’, ‘ஓத்ரா பெஸ்’ இரண்டையும் ஒரே சொல்லாக, ‘உனாபெஸ்’, ‘ஓத்ராபெஸ்’ என்று சொல்லுங்கள், ப தானாகக் கோபத்துப் ப ஆகிவிடும். முன்னால் ‘என்’ வந்தால் அது ‘எம்’ ஆகிவிடும். எழுத்தில் ‘என் பெஸ் தே’, வாயில் ‘எம்பெஸ்தே’. அம்பு, பாம்பு சொல்கிற வாய்க்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் இதைச் சொன்னதும் ஆங்கில வழியில் படித்தவர்களைவிடத் தமிழ் வழியில் படித்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

கடைசி எழுத்தான இசட், லத்தீன் அமெரிக்கா முழுவதும் வெறும் ஸ். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவில் வைத்துச் சொல்வார்கள். மாட்ரிட் போகிறவர்கள் அதைப் பழகட்டும். மெக்சிகோ ஷிஃப்டுக்கு ஸ் போதும், இரண்டையும் கலக்க மட்டும் வேண்டாம்.

தமிழ் உதவாத இரண்டு இடங்கள்

பொருளுக்குத் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வடிவத்துக்குப் பிடித்துக்கொண்டால் விழுவீர்கள்.

ஒன்று, பன்மை. தமிழில் மூணு தடவை, நூறு தடவை. யாரும் ‘மூணு தடவைகள்’ என்று பேசுவதில்லை, எண் இருப்பதால் பன்மை விகுதி தேவைப்படுவதில்லை. ஓசூரிலிருந்து வரும் ஒரு தம்பி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

“அக்கா, ஒரு நாளைக்கு மூணு தடவைன்னா ‘த்ரெஸ் பெஸ் அல் தீயா’தானே?”

“ஒண்ணுக்கு மேல போனா என்ன ஆகும்?”

“எஸ் போடணும். ‘பெஸஸ்’ஸா?”

“இசட் எங்க போச்சு?”

அவன் கையை எடுத்து நோட்டில் எழுத வைத்தேன். வி, இ, அப்புறம் சி, இ, எஸ். ஸ்பானிஷில் இ-க்கு முன்னால் இசட் சாதாரணமாக நிற்பதில்லை, சி-க்கு இடம் கொடுத்துவிடும். ‘பெசெஸ்’. ஒலி மாறவில்லை, எழுத்து மட்டும் மாறுகிறது. இதே வழியில் விளக்கு ‘லூஸ்’, விளக்குகள் ‘லூசெஸ்’. குரல் ‘போஸ்’, குரல்கள் ‘போசெஸ்’. பென்சில் ‘லாபிஸ்’, பென்சில்கள் ‘லாபிசெஸ்’. ஒன்றைப் பிடித்தால் மொத்தக் குடும்பமும் வந்துவிடும். பேசுகிறவர்கள் இதைப் பெரிதாக நினைக்கத் தேவையில்லை. மெயில் எழுதுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும், அங்கே இசட் போட்டு எழுதிய பன்மை கண்ணை உறுத்தும்.

அட்டையில் எழுத வேண்டியது ‘த்ரெஸ் பெசெஸ் அல் தீயா’. நாளுக்கும் மாதத்துக்கும் வருடத்துக்கும் ‘அல்’, வாரத்துக்கு மட்டும் ‘ஆ லா’. வாரம் அங்கே பெண்பால். ‘உனா பெஸ் ஆ லா செமானா’, வாரத்துக்கு ஒரு தடவை. ‘போர் செமானா’ என்றும் சொல்லலாம், அதில் பால் பிரச்சினையே இல்லை.

இரண்டாவது, பால். தடவை நமக்கு அஃறிணை, கதை முடிந்தது. ஸ்பானிஷில் ‘பெஸ்’ பெண்பால். சொல்லின் முடிவைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பென்சிலும் மீனும் இதே மாதிரி முடிகின்றன, இரண்டும் ஆண்பால். ஆகவே ‘பெஸ்’ என்று தனியாக மனப்பாடம் செய்யவே செய்யாதீர்கள். ‘லா பெஸ்’, ‘உனா பெஸ்’. ஒட்டியே பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது அந்தச் சொல்லோடு நிற்பதில்லை, பக்கத்தில் வந்து உட்காருகிற எல்லாச் சொல்லையும் இழுக்கும். முதல் தடவை ‘ப்ரிமேரா பெஸ்’, கடைசித் தடவை ‘உல்திமா பெஸ்’, அடுத்த தடவை ‘ப்ரோக்சிமா பெஸ்’, இந்தத் தடவை ‘எஸ்தா பெஸ்’. பன்மையில் ‘முச்சாஸ் பெசெஸ்’, ‘போகாஸ் பெசெஸ்’, ‘அல்குனாஸ் பெசெஸ்’. ‘முச்சோஸ் பெசெஸ்’ என்று சொன்னால் நிறைய மீன்கள் என்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, ஏனென்றால் மீன் ஆண்பால்! எண்களும் தப்பாது. இருநூறு தடவை என்றால் ‘தோசியென்தாஸ் பெசெஸ்’, இருபத்தோரு தடவை ‘பெயின்தியூனா பெசெஸ்’. ஆயிரத்துக்கு மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை: ‘மில் பெசெஸ்’. நம் வீடுகளில் ‘ஆயிரம் தடவை சொல்லிட்டேன்’ என்று அம்மாக்கள் கத்துவதை ஸ்பானிஷ் அம்மாக்களும் அப்படியே கத்துவார்கள்: ‘தே லோ எ தீச்சோ மில் பெசெஸ்’. எண்ணிக்கை கூட மாறவில்லை.

லத்தீன் அமெரிக்காவில் சிலர் பேச்சில் ‘லா ப்ரிமெர் பெஸ்’ என்று முழுங்கிச் சொல்வதைக் கேட்பீர்கள். அவர்கள் சொல்லட்டும். நீங்கள் ‘ப்ரிமேரா’வையே பிடித்துக்கொள்ளுங்கள். தேர்வில் மார்க் குறையாது, மெயிலிலும் நிற்கும்.

முதல் தடவை: காலம் எது?

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் வகுப்பில் அரை மணி நேரம் கொடுப்பேன். போனில் பேசுகிறவர்களுக்குத் தினமும் வேண்டியது அது. ‘நீங்கள் முதல் தடவையாகப் பேசுகிறீர்களா?’ ஸ்பானிஷில் ‘எஸ் லா ப்ரிமேரா பெஸ் கே யாமா?’. ‘யாமா’ என்பது நிகழ்காலம். இப்போது பேசிக்கொண்டிருக்கிறார், எனவே நிகழ்காலம். தமிழிலும் ‘இப்பத்தான் முதல் தடவை கூப்பிடறேன்’ என்றால் நிகழ்காலம்தான். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஒரு ‘ஹேவ்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எடுத்துக்கொண்டு வந்து ஸ்பானிஷில் தேடாதீர்கள். ஸ்பெயின்காரர்கள் அப்படியும் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் நிகழ்காலம் எல்லா நாட்டிலும் செல்லும், நமக்கும் அதுதான் கைக்கு எளிது. ஆசிரியர்களிடமும் இதைத்தான் சொல்வேன்: ஆங்கில இலக்கண நூலை மூடி வைத்துவிட்டு, பிள்ளையிடம் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள்.

வாக்கியத்தின் நடுவில், ‘முதல் தடவையாக’ என்று மட்டும் சேர்க்க வேண்டுமென்றால் ‘போர் ப்ரிமேரா பெஸ்’. இதில் ‘லா’ கிடையாது.

தடவை மறைந்துபோகும் தொடர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணிக்கை. இனி வருபவற்றில் ‘பெஸ்’ உள்ளே இருந்தாலும் தமிழில் தடவை தெரியாது. இவற்றைப் பிரித்துப் பொருள் பார்க்காமல் முழுத் தொடராகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘ஓத்ரா பெஸ்’ என்றால் மறுபடி. ‘மே லோ புயேதே தெசீர் ஓத்ரா பெஸ்?’, இன்னொரு தடவை சொல்ல முடியுமா. இதற்கு முன்னால் ‘உனா’ சேர்க்கக் கூடாது. ‘உனா ஓத்ரா பெஸ்’ என்பது நம் ஊர் ஆட்களிடம் அடிக்கடி கேட்கிற தவறு. ‘இன்னொரு’வில் ஒரு இருக்கிறதே என்று சேர்க்கிறார்கள். ‘ஓத்ரா’வுக்குள்ளேயே அந்த ஒன்று அடங்கிவிட்டது.

‘ஆ பெசெஸ்’ சில சமயம். ‘ஆ லா பெஸ்’ ஒரே சமயத்தில். கேட்க ஒரே மாதிரி இருக்கும், பொருளில் சம்பந்தமே இல்லை. ‘ஆ பெசெஸ் சே பா லா லூஸ்’ என்றால் சில சமயம் கரண்ட் போகும். ‘தோதோஸ் ஆப்லான் ஆ லா பெஸ்’ என்றால் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், அதாவது திங்கட்கிழமை மீட்டிங். பன்மைக்கு ‘லா’ இல்லை, ஒருமைக்கு ‘லா’ உண்டு என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

‘தால் பெஸ்’ ஒருவேளை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். அங்கே ‘அப்படியொரு தடவை’ என்ற அமைப்பு ‘ஒருவேளை’ ஆகிவிட்டது, இங்கே ஒரு வேளை சேர்ந்து ‘ஒருவேளை’ ஆகிவிட்டது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இதற்குப் பின்னால் வரும் வினை பெரும்பாலும் சந்தேக வடிவத்தில் வரும்: ‘தால் பெஸ் பெங்கா மன்யானா’, ஒருவேளை நாளைக்கு வரலாம். ‘பெங்கா’வுக்குப் பதில் சாதாரண ‘பியெனே’ போட்டாலும் தவறில்லை, வரும் என்ற நம்பிக்கை கொஞ்சம் கூடித் தெரியும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் இதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதும் ஏற்கப்பட்டதுதான். ஆனால் பிரித்து எழுதுவதுதான் எங்கும் செல்லும்.

‘காதா பெஸ் கே’ என்றால் ஒவ்வொரு தடவையும், அதாவது நம் ‘போதெல்லாம்’. ‘காதா பெஸ் கே போய் அல் புயெப்லோ’, ஊருக்குப் போகும்போதெல்லாம். போகிறேன் என்பதற்கான ஸ்பானிஷ் சொல் ‘போய்’ என்று ஒலிக்கிறது, அதுவும் பஸ்ஸின் ப-வோடு. வேறெந்தச் சொல்லையும் மறந்தாலும் தமிழர்கள் இதை மறப்பதில்லை. ‘காதா’வை ஒட்டி நேராக வரும் பெயர்ச்சொல் ஒருமைதான், ‘காதா பெசெஸ்’ என்று வராது.

அதே ‘காதா பெஸ்’ஸோடு ‘மாஸ்’ சேர்ந்தால் பொருள் மாறிவிடும். போகப் போக, நாளுக்கு நாள் அதிகமாக. ‘காதா பெஸ் ஐ மாஸ் த்ராஃபிகோ’, டிராஃபிக் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. பெங்களூரில் இருந்துகொண்டு இந்த வாக்கியத்தை மறக்க முடியுமா? சில்க் போர்டு ஜங்ஷனில் நிற்கும்போது சொல்லிப் பாருங்கள், நேரம் நிறையவே இருக்கும். ‘மாஸ்’ஸுக்குப் பதில் ‘மேனோஸ்’ போட்டால் குறைந்துகொண்டே போகிறது என்று பொருள். அதற்கு இங்கே உதாரணம் தேட வேண்டியிருக்கிறது.

‘உனா பெஸ் கே’ என்றால் ஆனதும், வந்ததும். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு: ‘உனா பெஸ் கே யேகே எல் பாகோ, லே அபீசோ’, பணம் வந்ததும் சொல்கிறேன். இன்னும் வரவில்லை என்பதால் ‘யேகா’ இல்லை, ‘யேகே’. இந்த இடத்தில் தடுமாறினால் ‘குவாந்தோ’ (இது ‘போது’ என்ற பொருளில் வரும் சொல், முன்னால் பார்த்த ‘எவ்வளவு’ அல்ல) போட்டுச் சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். அங்கேயும் ‘யேகே’தான், தப்பிக்க முடியாது.

‘தே பெஸ் என் குவாந்தோ’ எப்போதாவது. ‘ராரா பெஸ்’ மிக அபூர்வமாக. ‘தே உனா பெஸ்’ இழுக்காமல் இப்பவே, ஒரே மூச்சில். கதை சொல்ல ‘ஏராசே உனா பெஸ்’ அல்லது ‘அபீயா உனா பெஸ்’: நம் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’வின் அந்த ஒரு ஊர்ல.

மிச்சமிருப்பது ‘என் பெஸ் தே’. பதிலாக என்று பொருள். ‘என் பெஸ் தே கஃபே, தே’, காபிக்குப் பதிலாக டீ. தடவைக்கும் பதிலுக்கும் என்ன உறவு என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள், நல்ல கேள்வி. ‘பெஸ்’ லத்தீனின் ‘விகிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மாற்றம், முறைவைத்து வருவது, ஒருவர் இடத்தில் இன்னொருவர் என்றெல்லாம் பொருள் இருந்தது. துணைத் தலைவரைச் சொல்லும் ‘வைஸ் பிரசிடெண்ட்’டில் இருக்கும் ‘வைஸ்’ அதே வேர்தான், ‘வைஸ் வெர்சா’வில் இருப்பதும் அதுதான். தலைவர் இடத்தில் நிற்பவர் அவர். இங்கே காபி இடத்தில் டீ. ‘தன் பங்குக்கு’ என்று சொல்ல ‘ஆ சு பெஸ்’ என்பதும் அந்தப் பழைய பொருளிலிருந்து வந்ததுதான். தமிழில் முறை என்ற ஒரே சொல் ‘மூன்று முறை’யிலும் ‘இப்போ உன் முறை’யிலும் வருவதை நினைத்துக்கொண்டால் இது விசித்திரமாகத் தெரியாது.

ஆனால் உடனே ‘உன் முறை’ என்று சொல்ல ‘து பெஸ்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இன்றைய பேச்சில் அதற்கு ‘தே தோகா’ என்பார்கள். பழைய பொருள் உயிரோடு இருப்பது ஸ்பெயின் மார்க்கெட் வரிசையில். மீன் கடைக்கோ இறைச்சிக் கடைக்கோ போனால் ஆட்கள் கோடு கட்டி நிற்காமல் அங்கங்கே நிற்பார்கள். நீங்கள் போனதும் ‘கியென் தா லா பெஸ்?’ என்று கேட்க வேண்டும். கடைசியாக வந்தவர் ‘நான்’ என்று கையைக் காட்டுவார், அவருக்கு அடுத்து நீங்கள். ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிறவர்கள் இதை மட்டும் கண்டிப்பாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் கடை மூடும்வரை நிற்பீர்கள்.

எப்படிப் பழகுவது

தொடர்களைப் பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரெண்டு நாளில் சுவர் மட்டும்தான் அதைப் படித்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் உண்மையாக நடக்கிற விஷயத்தை வைத்து எண்ணும் வாக்கியங்கள் எழுதுங்கள். காவேரித் தண்ணீர் வாரத்தில் எத்தனை தடவை வருகிறது: ‘எல் ஆகுவா யேகா த்ரெஸ் பெசெஸ் போர் செமானா’. காபி எத்தனை தடவை: ‘தோமோ கஃபே தோஸ் பெசெஸ் அல் தீயா’. ஊருக்கு எத்தனை தடவை, கோயிலுக்கு எத்தனை தடவை, மாமியாருக்குப் போன் எத்தனை தடவை. பொய் எழுதாதீர்கள். உண்மையான எண்ணாக இருந்தால்தான் வாக்கியம் மனதில் தங்கும். எண்ணை மாற்றிச் சொல்லுங்கள், ஒன்று வரும்போது ‘உனா பெஸ்’ என்று திரும்புகிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் ‘பெசெஸ்’ பழகியபின் ஒன்றுக்கும் ‘பெசெஸ்’ சொல்ல ஆரம்பிப்பார்கள்.

இது வாய்க்கு வந்தபின், ஒரு தொடரை எடுத்துக்கொண்டு அந்த வாரம் முழுவதும் அதையே உபயோகியுங்கள். முதலில் ‘ஓத்ரா பெஸ்’ எடுங்கள், போனில் பேசுகிறவர்களுக்கு அது சோறு போடும். அடுத்து ‘ஆ பெசெஸ்’. மூன்றாவதாக ‘காதா பெஸ் மாஸ்’, டிராஃபிக், வாடகை, வெயில் எல்லாவற்றுக்கும் ஆகும். ‘தால் பெஸ்’ஸையும் ‘உனா பெஸ் கே’யையும் சந்தேக வடிவ வினை படித்த பிறகு தொடுங்கள், அதுவரை கேட்டால் புரிந்தால் போதும்.

சேர்ந்து படிக்க ஆள் இருந்தால் ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர் நேராக ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். நடுவில் ஆங்கிலம் வந்தால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். ‘எவ்வளவு நேரமாச்சு?’, ‘எத்தனை தடவை வந்தே?’, ‘மணி என்ன?’ மூன்றையும் கலந்து வேகமாகக் கேட்கும்போது நாக்கு எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். ஆள் இல்லாதவர்கள் போனில் தங்கள் குரலைப் பதிந்து கேட்கலாம். அப்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தயங்கி நின்று தொடங்கிய இடங்களில் தடவை கேட்கிறதா, மீன் கேட்கிறதா.